நெட்டைக் கோடும் கட்டைக் கோடும்

போர் முடிவதற்கு முந்தைய சில வருஷங்கள், மாத்தளை மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் “ஜனாதிபதி தன் வேலையை எப்படிச் செய்கிறார்?” என்று கேட்பதுதான் என் தொழில். கொழும்பில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்திருந்தது. எனக்குத் தமிழும் சிங்களமும் வரும், நடக்கக் கால் இருந்தது. அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. மிக நன்று, நன்று, மோசம், மிக மோசம் என்று நான்கு விடைகள். ஓரத்தில் ‘தெரியாது’ என்றும் ஒரு கட்டம் இருந்தது. அதில் அடையாளம் போட்டால் எங்கள் மேற்பார்வையாளருக்குப் பிடிக்காது.

பல்லேபொலப் பக்கம் சிங்கள வீடுகளில் வேலை சுலபம். முற்றத்தில் மிளகைக் காயவைத்துக்கொண்டே ஜனாதிபதியைப் புகழ்வார்கள், அல்லது பருப்பு விலையைச் சொல்லித் திட்டுவார்கள். எப்படியும் பால் ஊற்றாத ஒரு பிளேன்டி குடிக்கக் கிடைக்கும். டவுனில் எங்கள் தமிழ் ஆட்கள் இருக்கும் தெருக்களுக்கு வந்தால்தான் எனக்கு உயிர் போகும். கையில் கடதாசியோடு வாசலில் நின்றாலே வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதும் பொலிஸ் பதிவுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து, நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டில் உள்ள எல்லோருடைய அடையாள அட்டையும் மேசைக்கு வந்துவிடும். இது வேறு விஷயம், உங்கள் பெயர்கூட வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் தொண்டை வறண்டுபோகும். பிறகு கேள்வியைக் கேட்டால், “பக்கத்து வீட்ல என்ன சொன்னாங்க? அதையே போடுங்க” என்பார்கள். முஸ்லிம் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் இன்னும் தாராளம். “எதப் போட்டா ஒங்களுக்கு வேல லேசோ அதப் போடுங்க தங்கச்சி” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சீனி நிறுக்கப் போய்விட்டார்.

இப்படியே போனதில் ஒரு தடவை என் கடதாசிக் கட்டில் பாதிக்கு மேல் ‘தெரியாது’. மேற்பார்வையாளர் கண்டியிலிருந்து வந்து, கடதாசிகளைப் புரட்டிப் பார்த்து, சிங்களத்தில் சிரித்துக்கொண்டே கேட்டார்: இந்த ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாதா, மிஸ்? நல்ல மனிதர்தான். அவருக்கு மேலே இன்னொருவர் இருந்தார். திரும்பப் போய், விடை வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். வெயிலில் போன அதே தெருவுக்கு மறுபடியும் போனேன். எரிச்சலோடுதான் போனேன்.

அந்தத் தெருவில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்யும் ஒருவரின் வீடு இருந்தது. அவர் மனைவியைக் கோயிலில் பார்த்துப் பழக்கம். அக்கா என்று கூப்பிடுவேன். வீட்டில் யாருக்கு அடுத்ததாகப் பிறந்தநாள் வருகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த விதி அக்காவைப் பிடித்துக் கொடுத்திருந்தது. கணவராக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘மிக நன்று’ என்றிருப்பார். கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு நின்ற அவர்கள் மகனைப் பொலிஸ் சுற்றிவளைப்பில் கொண்டுபோய்த் தடுத்து வைத்திருந்தார்கள். தெரு முழுக்கத் தெரியும், யாரும் அதைப் பேசமாட்டோம்.

நான் போனபோது அக்கா மகனுக்குக் கொண்டுபோகச் சவர்க்காரமும் பிஸ்கட்டும் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கே தெரியாதுன்னு சொன்னேனேம்மா.”

“தெரியாதுன்னு போட்டா ஏத்துக்க மாட்டேங்குறாங்கக்கா. நல்லமா மோசமா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

“எனக்கு என்னம்மா தெரியும்?”

“சும்மா ஒண்ணு சொல்லுங்கக்கா. இன்னும் பத்து வீடு இருக்கு எனக்கு.”

அந்தப் பத்து வீட்டை நான் சொல்லியிருக்கக்கூடாது. அவர் பையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “எம்புள்ளய கூட்டிட்டுப் போய் எட்டு மாசமாச்சு. கேஸும் போடல, விடவும் இல்ல. மிக மோசம்னு போடு.” சொல்லிவிட்டு அழுதார். நான் அடையாளம் போட்டுக்கொண்டு எழுந்தேன். ஒரு விடை கிடைத்ததே என்று மனது லேசானதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் என் வீட்டு வாசலில் நின்றார்.

“நேத்து சொன்னத மாத்திரு தங்கச்சி. மிக நன்றுன்னு போட்டுரு. அவனோட பைல் அவங்க கையிலதான இருக்கு. நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.”

“அதுல ஒங்க பேரே இல்லக்கா.”

“வீட்டு நம்பர் எழுதின. நான் பாத்தேன்.”

எழுதியிருந்தேன்தான். நான் உண்மையில் போனேனா என்று மேற்பார்வையாளர் சரிபார்ப்பதற்காக மேலே விலாசம் எழுத வேண்டும். “மாத்திடுறேன்க்கா, நீங்க பயப்படாம போங்க” என்றேன். காட்டு என்று அவர் கேட்கவில்லை. நம்பிப் போய்விட்டார்.

நான் மாற்றவில்லை. வெட்டித் திருத்திய கடதாசியை நிராகரிப்பார்கள், அதற்குப் பதிலாக இன்னொரு வீடு ஏற வேண்டும். அந்தக் கடதாசிக் கட்டிலேயே உண்மையான விடை இது ஒன்றுதான், அதை அழிக்க நான் யார் என்றும் எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது காரணம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அலுப்புதான் காரணம். கடதாசிக் கட்டை அன்றைக்கே பஸ்ஸில் அனுப்பிவிட்டேன்.

அந்தக் கடதாசியால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். கொழும்பில் எல்லாவற்றையும் கூட்டி ஒரு எண்ணாக்கிவிட்டுக் கட்டிப் போட்டுவிடுவார்கள். இருந்தும் அந்தத் தெருவில் ஜீப் சத்தம் கேட்ட ஒவ்வொரு நாளும் அது எந்த வீட்டில் நின்றது என்று விசாரித்தேன். கோயிலுக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து முடிவு பத்திரிகையில் வந்தது. ஜனாதிபதியின் செல்வாக்கு என்று தலைப்பு, கீழே கோடுகள். ‘மிக நன்று’ நெட்டையாக மேலே வரை போயிருந்தது. கடைசியில் ‘மிக மோசம்’, நகம் அளவுக்கு ஒரு கட்டைக் கோடு.

அந்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். ஆளே இளைத்துப்போயிருந்தார். பூத்தட்டுக்கு அடியிலிருந்து அந்தப் பக்கத்தை நாலாக மடித்தபடி எடுத்தார். கட்டைக் கோட்டின் மேல் விரலை வைத்து, மெதுவாகக் கேட்டார்:

“இதுல நான் இல்லதானே?”

“இல்லக்கா.”

“அப்ப இதுலயா?”

நெட்டைக் கோட்டைக் காட்டினார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் அந்தக் கோட்டை அடியிலிருந்து நுனி வரை விரலால் தடவினார். பிறகு தாளை மடித்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப ஏன் தங்கச்சி அவன இன்னும் விடல?”

“தெரியாதுக்கா” என்றேன். அவர் என்னை வற்புறுத்தவில்லை.