இன்னும் வெடிக்கவில்லை

மருதாணித் தாடிக்காரர். நாகூர் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நீடாமங்கலம் தாண்டி இருட்டியதும் கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக வடகிழக்கே வானத்தையே பார்த்தார்.

"அங்க என்ன பாய் இருக்கு?"

"ரெண்டு நட்சத்திரங்க. இப்பக் கண்ணுக்குத் தெரியாது. பெருத்த சிவப்பிலேர்ந்து வழியிறதைச் சின்ன வெள்ளை இழுத்து மேல போட்டுக்குது. தாங்காம ஒருநாள் வெடிக்கும். அப்பத் தெரியும்."

"அதோட ரெண்டும் அழிஞ்சிடுமா?"

"இல்லைங்க. திரும்பவும் இழுக்க ஆரம்பிச்சிடும்."

அவர் போன் அடித்தது. குவைத்தில் நர்ஸாக இருக்கும் மனைவி.

"வெடிச்சிடுச்சா?" என்றது ஸ்பீக்கர்.

"இன்னும் இல்ல. அங்க இருட்டினதும் நீ பாத்துச் சொல்லு."

போனை வைத்துவிட்டு வெட்கமாகச் சிரித்தார். "தினமும் இதைக் கேக்கத்தான் கூப்பிடுவா."

வானம் தெளிந்த மாலைகளில் இப்போது நானும் அங்கே பார்க்கிறேன், வெடித்திருக்கக் கூடாதே என்று.