பட்டப்பகலில் ஒரு கடத்தல்

என் மகளைப் பெண் கேட்டு வந்த சுவிஸ் பையன் ஒரு கோப்போடு வந்தான். பேர்ணில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவர்கள் கொண்டுபோவார்களே, அப்படி ஒரு கோப்பு. உள்ளே வேலைத்தலத்துச் சான்றிதழ், இப்போது இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எழுதிய நற்சாட்சிக் கடிதம், முதலுதவிப் பயிற்சி முடித்த அட்டை, தடுப்பூசிப் புத்தகம். நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். வைத்தியசாலைச் சமையலறையில் எனக்கு வேலை தந்தபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை.

“யோசித்துச் சொல்கிறேன்” என்று அவனுடைய மொழியிலேயே சொன்னேன். எந்தத் திகதிக்குள் என்று கேட்டு அவன் கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலு மாதமாகியும் நான் பதில் சொல்லவில்லை. கோப்பில் ஒரு குறையும் இல்லை, அதுதான் சிக்கல். குறை இருந்திருந்தால் அன்றைக்கே முடித்திருப்பேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். எங்களுக்கு ஒரே பிள்ளை. நானும் மனைவியும் அதிகம் கதைக்கிறவர்கள் அல்ல. வீட்டில் சத்தம் என்று இருந்தால் அது அவளுடையதுதான். ஓம் என்று சொன்ன அடுத்த மாதமே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இதை வெளியே சொல்ல முடியாமல் “வேற்றினம், சமயம், சனம் என்ன சொல்லும்” என்று எனக்கே நம்பிக்கையில்லாத காரணங்களை அடுக்கிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கோடை விடுமுறையில் மகள் எங்கள் இருவரையும் இந்தோனேசியாவின் லொம்பொக் தீவுக்குக் கூட்டிப்போனாள். என்னைக் குளிர்விக்கத்தான் என்பது விமானத்திலேயே விளங்கிவிட்டது. குளிர்வதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டுதான் இறங்கினேன். மூன்று நாள் கடற்கரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் சசாக் மக்களின் பழைய கிராமமொன்றைப் பார்க்கப் போனோம்.

புல் வேய்ந்த கூரைகள், மூங்கில் சுவர்கள். சாரம் கட்டிய இளைஞன் ஒருவன் எங்களுக்கு வழிகாட்டி. அவன் ஆங்கிலத்தில் சொல்ல, மகள் தமிழில் சொன்னாள். வாசல்கள் எல்லாம் என் கண்ணளவு உயரந்தான்.

“உள்ளுக்கு வாறவை குனிஞ்சு வரவேணுமாம் அப்பா. அது வீட்டுக்காரருக்குக் குடுக்கிற மரியாதையாம்.”

நான் யாருக்கும் குனிகிற ஆளில்லை. அதனால் நெற்றி நிலையில் மோதியது. புடைப்பைத் தடவிக்கொண்டு உள்ளே நின்றபோது மூக்குக்குத் தெரிந்த மணம் ஒன்று வந்தது.

“நிலத்தைச் சாணியாலை மெழுகிறவையாம். வீடு சுத்தமா, சூடா இருக்குமாம்” என்றாள் மகள், ஏதோ புதினம்போல.

“சாணி மெழுகின நிலத்தைப் பாக்கவோ என்னைப் பிளேன் ஏத்திக் கொண்டு வந்தனீ?”

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் போனது சேலைக்கு ஏற்ற இடமில்லை என்று சொல்லியும் கேட்காமல் கட்டி வந்தவள் அவள்.

பிறகு வழிகாட்டி கலியாண முறையைச் சொல்லத் தொடங்கினான். அங்கே பெண் கேட்டுப் போவது மரியாதைக் குறைவாம். கோழிக்குஞ்சு கேட்கிற மாதிரி என் பிள்ளையைக் கேட்கிறாயா என்று தகப்பன் கோபிப்பாராம். பையனும் பெண்ணும் முதலே பேசிவைத்துக்கொண்டு, ஓரிரவு அவன் அவளைக் கடத்திப் போய்த் தன் சொந்தக்காரர் வீட்டில் ஒளித்து வைப்பானாம். அதற்குப் பிறகு ஒரு பெரியவர் பெண்வீட்டாருக்கு முறைப்படி அறிவிக்க, இரு பக்கமும் உட்கார்ந்து பேசி, கலியாணம். பகலில் கடத்தினால் மட்டும் அபராதமாகக் குற்றம் கட்ட வேண்டுமாம்.

எனக்கு முதன்முறையாக அந்தத் தீவு பிடித்தது.

“இதுதான் முறை” என்றேன். “ஆம்பிளை எண்டால் துணிவு வேணும். தடுப்பூசிப் புத்தகத்தோடையே பொம்பிளை கேட்டு வாறது? இப்பிடி ஒருத்தன் வந்தால் நான் மறுபேச்சுப் பேசமாட்டன்.”

சொல்லும்போது மகளைக் குத்திய திருப்தி எனக்கு. அவள் கைப்பேசியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அப்போதாவது என் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். அது ஏற்கெனவே புடைத்திருந்தது.

திரும்பி வந்து மூன்றாவது கிழமை, சனிக்கிழமை காலை பத்தரைக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. பையனின் மாமா. மலைப் பாதைகளில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்.

“வணக்கம். உங்கள் மகளைக் கடத்திவிட்டோம். அதை முறைப்படி அறிவிக்க நான் வர வேண்டும். இரண்டு மணி உங்களுக்கு வசதிப்படுமா?”

கோபத்தில் எனக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை. “இரண்டரை” என்றேன்.

சரியாக இரண்டரைக்கு மணி அடித்தது. எங்கள் வீட்டு வாசல் இரண்டு மீட்டர் உயரம். மனிதர் குட்டை. இருந்தும் முதுகை வளைத்துக் குனிந்துதான் உள்ளே வந்தார். உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து காகிதமொன்றை எடுத்து வாசித்தார். “பெண் ஊஸ்டர் நகரில் என் மனைவியின் பாதுகாப்பில் நலமாக இருக்கிறாள். பையன் வின்டர்தூர் நகரில், தனியாக. பெண்ணை ஒன்பது ஐந்து ரயிலில் அனுப்பினோம். ரயில் தாமதமில்லை.”

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். தட்டில் மூன்று கோப்பைகளும் வடையும். வடைக்கு உளுந்து ஊறப்போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

“உமக்கு முதலே தெரியுமோ?”

“பிள்ளைக்கு இடியப்பம் கட்டிக் குடுத்தனான். வயிறு காஞ்சு போய்க் கடத்துப்படக் கூடாதெல்லோ.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நல்ல முறை எண்டு அங்கை வச்சுச் சொன்னது நீங்கள்தானே.”

மாமா வடையைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்கலாமா என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பதில் வரும்வரை சாப்பிடக் கூடாது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். மகளின் திறந்திருந்த அறைக்குள் அவளுடைய முடி உலர்த்தும் மெஷின் செருகியபடியே கிடந்தது. உடுப்புப் பெட்டியும் அங்கேயே இருந்தது. அவள் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. நான் போ என்றால்தான் போவாள் என்று அப்போதுதான் விளங்கியது.

“சாப்பிடுங்கள்” என்றேன் மாமாவிடம். பிறகு மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அப்பா, கோவமோ?”

“பகலிலை கடத்தினால் குற்றம் இருக்கு. உனக்குத் தெரியும்தானே.”

“என்ன குற்றம் அப்பா?”

“கலியாணம் முடிஞ்ச பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் இஞ்சை வரவேணும்.”

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை. “எத்தினை ஞாயிறு?”

“அதை யோசிச்சுச் சொல்லுறன்” என்றேன்.