முன்சீட்டில் அம்மாவின் பை

கார் ஓட்டப் பழகியபோது அம்மா ரிவர்ஸில் போய், சேலையூரில் எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல்லை இடித்துவிட்டாள். அது பெரிய விஷயமில்லை. அனகாபுத்தூர் மாமா வீட்டு விருந்தில் அப்பா அதை எல்லோருக்கும் நடித்துக்காட்டியதுதான் பெரிய விஷயம்.

ஒரு வாரம் இருவருக்கும் பேச்சில்லை. சாப்பிட வரச் சொல்வதுகூட என் மூலமாகத்தான். அப்பா பாதிச் சோற்றில் எழுந்து போனார். பார்க்கப் பாவமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பியபோது அம்மா பின்சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். முன்சீட்டில் அவளுடைய பை உட்கார்ந்தது. பைபிள், பாட்டுப் புத்தகம், தண்ணீர் பாட்டில், பள்ளிக்கூடத்து விடைத்தாள் கட்டு என்று நல்ல கனம்.

தெருமுனை திரும்பியதும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. கூடவே டிங் டிங் என்று சத்தம். வயரிங் போச்சு, வண்டி தீப்பிடிக்கப் போகிறது என்று அப்பா கண்ணாடியைப் பார்த்துப் புலம்பினார். அம்மா ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தாள்.

திரும்பும் வழியில், தாம்பரத்தில் அம்மா மீன் வாங்க இறங்கினாள். அப்பா காரை எதிரேயிருந்த மெக்கானிக் கடையில் விட்டார். மெக்கானிக் ஒரு கருவியைச் சொருகிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு பையைத் தூக்கினார். விளக்கு அணைந்தது. வைத்தார். எரிந்தது.

“சீட்ல வெயிட்டு கீது சார். ஆளு குந்திகினு பெல்ட் போடலன்னு நெனச்சிக்கிது. பையக் கீழ வச்சிடு, ஒரு பேஜாரும் இல்ல.”

அப்பா நன்றி சொல்லிவிட்டு, பையை மறுபடி சீட்டிலேயே பத்திரமாக வைத்தார்.

மீனோடு அம்மா வந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

“அம்மாகிட்ட சொல்லு. சென்சார் கோளாறாம். முன்னாடி ஆள் உட்கார்ந்து பெல்ட் போட்டாத்தான் சரியாகுமாம்.”

மெக்கானிக் அப்படிச் சொல்லவேயில்லை. பையைக் கீழே வைத்தால் போதும் என்றுதான் சொன்னார் என்பதை அம்மாவிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அப்பாவின் காது சிவந்துவிட்டது.

அம்மா சற்று நேரம் அப்பாவின் பின்னந்தலையையே பார்த்தாள். பிறகு பையை எடுத்து என் மடியில் வைத்து, அதன்மேல் மீனையும் வைத்தாள். முன்னால் போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். விளக்கு அணைந்தது.

“சிரிச்சீங்கன்னா இறங்கிடுவேன்” என்றாள்.

அப்பா சிரிக்கவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

எனக்கோ ஆத்திரம். மடியில் மீன்தண்ணீர் சொட்டச் சொட்ட, பையைக் கீழே வைத்தாலே போதும் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.