பிரம்பு நாற்காலியின் பிரெஞ்சுப் பெயர்

கூடத்துச் சுவரோரம் கிடக்கும் அந்தப் பிரம்பு நாற்காலியில், கல்யாணமாகி வந்த புதிதில் நான் உட்கார்ந்ததே இல்லை. பிரெஞ்சில் அதன் பெயர் ஷேஸ். என் வாயில் அது சரியாக வரவில்லை என்று மாமியார் என்னை நிற்க வைத்தே சாப்பாடு போட்டார். "பேரு சொல்லத் தெரியாத பொருளத் தொடாத" என்பது அந்த வீட்டுச் சட்டம். அத்தை என்று கூப்பிட்டதற்கும் திட்டு விழுந்தது. மதாம் என்றுதான் கூப்பிட வேண்டும்.

நான் வைத்திக்குப்பத்து மீன்காரி மகள். கணவர் வீட்டாருக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை. லீவு முடிந்ததும் அவர் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். விசா நேர்முகத்தில் நான் பிரெஞ்சில் நாலு வார்த்தை பேசிவிட்டால் பின்னாலேயே போய்விடலாம் என்றார்கள். அதற்காகத்தான் மாமியாரின் பாடம். கரண்டிக்குக் குய்யேர், தட்டுக்கு அஸ்ஸியெத், துடைக்கிற துணிக்குத் தோர்ஷோன், வாளிக்குச் சோ. பெயரைச் சொன்னால் வாளி கிடைக்கும். கிடைத்தால் தரை துடைக்கலாம். நான் வந்த வாரமே வேலைக்காரம்மாவை மாமியார் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். "பாரீசுக்குப் போற பொண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்றாள் அம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். அடுப்படியில் எனக்குப் பெயர் தெரியாத பொருளே இல்லை என்று கர்வம்கூட வந்தது, சிரிக்காதீர்கள்.

நேர்முகத்தில் எதிரே இருந்த அம்மாள் சிரித்த முகமாக ஏதோ கேட்டார். திரும்பவும் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சும்மா இருக்கக் கூடாதே என்று அவருடைய நாற்காலியைக் காட்டி "ஷேஸ்" என்றேன். மேசையைக் காட்டி அதன் பெயரைச் சொன்னேன். கதவையும் விடவில்லை. அவர் தமிழுக்கு மாறினார். "உங்க வீட்டுக்காரர் பேரு என்னன்னுதாம்மா கேட்டேன்."

மகனோடு போனில் மணிக்கணக்காகப் பிரெஞ்சு பேசுகிற மாமியார் எனக்கு ஒரு வாக்கியம்கூடச் சொல்லித் தரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன். "வேல செய்யப் பேரு தெரிஞ்சா போதாதா? நீயும் போயிட்டா என்ன யாரு பாத்துப்பா?" என்றார் சாவகாசமாக. அன்றிலிருந்து அவரை வெறுக்கிறேன். கணவரின் போன் குறைந்து, பிறகு நின்றே போனது. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறதாம். தம்பிக்குக் கல்யாணமான பிறகு அம்மா வீட்டிலும் எனக்கு இடமில்லை. இங்கேயே கிடந்து, மாலை வகுப்புக்குப் போய், முழு வாக்கியங்களாகப் பிரெஞ்சு படித்தேன்.

போன வருடம் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சில் பொருள்களின் பெயர்கள் மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன, அதுவும் பிரெஞ்சில். தினமும் காலையில் குளிப்பாட்டிக் கூடத்துக்குக் கூட்டி வருகிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல், பிரம்பு நாற்காலியைப் பார்த்து "ஷேஸ்... ஷேஸ்..." என்கிறார். உச்சரிப்பு சுத்தமாகத்தான் இருக்கிறது.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"வாக்கியமா சொல்லுங்க, மதாம்."