பளிச்சென்று ஆகிவிட்ட கல்

பூந்தமல்லியில் எங்கள் தெருக்கோடியில் வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் பொதுமக்களே முன்வந்து காப்பாற்ற வேண்டும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பொதுமக்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டிப் பார்த்தவள் நான்.

தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டதும் கட்டைவிரல் படங்கள் கொட்டின. விடிந்தால் ஆளைக் காணோம். ஒருவருக்கு அன்று அமாவாசை. இன்னொருவர் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அடித்தாயிற்றாம், கல்லறைப் பக்கம் கால் வைக்கக் கூடாதாம். தப்பித் தவறி வந்த நாலைந்து பேரிடம் தொண்டை வறளச் சொன்னேன்: தண்ணீர், மெல்லிய பிரஷ், வேறு எதுவும் கூடாது.

நான் இத்தனை பாடுபட்டது ஒரே ஒரு கல்லுக்காகத்தான். அங்கே புதைத்திருக்கும் மற்றவர்கள் எல்லாம் சிப்பாய்கள். மூலையில் மட்டும் முழங்கால் உயரத்தில் ஒரு பளிங்குக்கல், இரண்டு வயதுப் பெண் குழந்தையுடையது. பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. அம்மா கப்பலேறுகிறாள், இவள் இங்கேயே இருக்கிறாள் என்று அர்த்தம். மழையில் எழுத்து மழுங்கிக்கொண்டே வந்தது. காலையில் நடக்கப் போகும்போதெல்லாம் விரலால் தடவிப் படிப்பேன். அந்த எழுத்தும் போய்விட்டால் அப்படியொரு குழந்தை இருந்ததே யாருக்கும் தெரியாது.

இது போதாதென்று எனக்கு இன்னொரு சண்டையும் இருந்தது. தோட்டத்துச் சுவரை ஒட்டிய வீட்டில் துணி துவைக்கப் போட்டிருக்கும் கல்லும் இங்கிருந்து போனதுதான். அதன் தலைப்பக்கத்து வளைவே காட்டிக்கொடுத்தது. அந்த வீட்டுக்காரியிடம் பலமுறை கேட்டுவிட்டேன்.

“எங்க மாமனாரு காலத்துலேந்து இங்கதான் கீது. இன்னாத்துக்குக்கா சும்மா சும்மா வந்து நிக்கிற?” என்பாள். ஒருநாள் பேச்சு முற்றிப்போய், “பொரட்டிப் பாத்துடலாம். எழுத்து இருந்தா எடுத்துகினு போ. இல்லாங்காட்டி இனிமே இந்தாண்ட வராத,” என்றாள். சரி, ஞாயிறு வேலை முடியட்டும் என்றேன்.

அந்த ஞாயிறு, வந்தவர்களுக்கு டீ வாங்கப் போனேன். அவ்வளவுதான் நான் செய்தது. திரும்பி வந்தால், எங்கள் தெருக்காரர், ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், குழந்தையின் கல்லருகே குந்தியிருக்கிறார். கையில் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டில். கல் நுரைத்துக்கொண்டிருந்தது.

“பாருங்க மேடம், எப்டி பளிச்சுனு ஆயிடுச்சு!”

ஆமாம், பளிச்சென்றுதான் இருந்தது. தண்ணீர் ஊற்றித் தடவிப் பார்த்தேன். விரலுக்கு எதுவுமே தட்டுப்படவில்லை. பெயரும் இல்லை, அம்மாவும் இல்லை, கப்பலும் இல்லை. டீத் தூக்கைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன். “நல்லது பண்ண வந்தவன இப்டித் திட்றீங்களே,” என்று மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சிறிது நேரத்தில் குழுவில் அவரும் வெள்ளைவெளேர் கல்லும் சேர்ந்த படம் வந்தது. அதற்கும் கட்டைவிரல்கள்.

அழுகையும் ஆத்திரமுமாக நேரே துவைக்கிற கல் வீட்டுக்குப் போனேன். இதையாவது மீட்டுவிட வேண்டும். அவள் கடப்பாறையை எடுத்து வந்தாள். இருவருமாக நெம்பிப் புரட்டினோம்.

அடிப்பக்கம் முழுக்க எழுத்து. யாரோ ஒரு சிப்பாய், அவன் ஊர், அவன் வயது. இத்தனை வருடத்துச் சோப்புத் தண்ணீரும் அடியும் மறுபக்கத்தோடு போயிருந்தன. மண்ணை முந்தானையால் துடைத்தேன். நேற்று வெட்டியது போல ஒவ்வொரு எழுத்தும் விரலில் தட்டியது.

அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“சொன்ன சொல்லு சொல்லுதான். எடுத்துகினு போக்கா. நானும் செவுத்தாண்ட நின்னு பாத்துகினுதான் இருந்தேன். அந்த பாட்டில் அண்ணாத்தே இன்னும் அங்கதான் கீறாரு. தூக்க ஆளு வோணும்னா கூப்புடவா?”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது. அடுத்த வாரம் எல்லாக் கல்லையும் இதேபோல ஆக்கிவிடலாம் என்று யாரிடமோ உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பக்கம் பிடி,” என்றேன். எழுத்து மண்ணைப் பார்க்கும்படி கல்லை மறுபடியும் குப்புறப் போட்டோம். அவள் குழாயைத் திறந்து, ஊறவைத்த போர்வையை எடுத்து அதன்மேல் அடிக்க ஆரம்பித்தாள்.