நாற்பத்தொரு கோடுகள்

குப்பைப் பையின் முடிச்சை அவிழ்த்து, சமையலறைத் தரையில் பழைய பேப்பரை விரித்து, உள்ளே கிடந்ததையெல்லாம் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார் மரியநாயகி. காலை ஆறரை மணி. அதற்குள் சப்பாத்து மாட்டி, கயிறும் கட்டியாகிவிட்டது.

"ஏம்மா, நல்ல பாட்டிலு ரெண்டு கெடக்கு. இதையெல்லாமா தூக்கிப் போடுவீங்க?"

"விடுங்கோ அக்கா. எட்டு மணிக்கு லொறி வந்திடும். அவங்கள் அள்ளிக்கொண்டு போகட்டும்" என்றாள் பேர்ணடெட்.

"எங்க போகட்டும்?"

பேர்ணடெட் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த மூன்று வாரத்தில் அவள் கண்டது ஒன்றுதான்: மரியநாயகிக்கு ஒரு பதில் சொன்னால் ஒன்பது கேள்வி வரும்.

காரைக்காலில் பிறந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அப்பாவோடு பத்தொன்பது வயதில் பிரான்சுக்குப் போய், அந்த நாட்டுப் பிரஜையாகி, லுவார் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூரில் பள்ளிக்கூடச் சமையல்காரியாக முப்பது வருடம் காலம் தள்ளியவர். அந்த ஊர் நகரசபையில் பன்னிரண்டு வருடமாக உறுப்பினர். பசிபிக் கடலில் தன் அரசாங்கம் அணுகுண்டு வெடித்துப் பார்க்கும் தீவுக்கு ஆக்லாந்திலிருந்து ஒரு எதிர்ப்புப் படகு புறப்படுகிறது என்று கேள்விப்பட்டு, 1989 ஜனவரியில் வந்து இறங்கினார். மவுண்ட் ஆல்பர்ட் தேவாலயப் பூசையில் பேர்ணடெட்டும் கணவன் செபஸ்ரியனும் தமிழில் குசுகுசுத்தது காதில் விழ, பின்வரிசையிலிருந்து இருவருக்கும் நடுவே தலையை நீட்டி, "நீங்க தமிழா?" என்றார். அன்று மாலையே அவருடைய பெட்டி இவர்கள் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டது.

உட்காரமாட்டார். காலில் சக்கரம் கட்டியவர் என்று சும்மா சொல்வார்களே, அது இவருக்கு அச்சொட்டாகப் பொருந்தும். கோப்பியை நின்றபடி குடிப்பார், டெலிபோனில் நடந்தபடி பேசுவார். சுருள் வயர் இழுபட்டு நேராகிவிட்டது. ஈஸ்ட் டாமாக்கியில் தொழிற்சாலை வேலைக்குத் தனியாகக் காரில் போகும் செபஸ்ரியனை வாசலில் மறித்து, "நாலு சீட்டு காலியா ஊரச் சுத்துது பாருங்க" என்று ஒரு வாரம் நச்சரித்தார். அவன் இப்போது கூட வேலை செய்கிற இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகிறான், முனகிக்கொண்டே.

அரசியலுக்கு வந்த கதையையும் பாத்திரம் கழுவிக்கொண்டுதான் சொன்னார். "ஆத்துல குளிச்ச புள்ளைங்களுக்கு மேலெல்லாம் சிரங்கு. மேல பெயிண்டு ஃபேக்டரிக்காரன் கழிவுத் தண்ணி விடுறான். மேயருக்கு மூணு கடுதாசி போட்டேன், பதிலே இல்ல. சரி, நானே உள்ள வந்து உக்காந்து கேக்குறேன்னு நின்னுட்டேன்." பாராளுமன்றத்துக்கும் இரண்டு முறை நின்றார். இரண்டிலும் மண்ணைக் கவ்வினார். நகரசபையில் மட்டும்தான் அவரை யாரும் அசைக்கவில்லை.

அந்த அளவுச் சிற்றூர்களின் தேர்தலில் ஒரு வழக்கம் இருந்தது. வாக்குச்சீட்டில் ஓர் அணியின் பெயர்கள் முழுவதும் அச்சாகியிருக்கும். பிடிக்காத பெயரைப் பேனாவால் கோடு போட்டு அடித்துவிட்டு மீதியைப் பெட்டியில் போடலாம். எண்ணுவதும் ஊரார் முன்னிலையில்தான். போன தேர்தலில் மரியநாயகி மேசையருகே நின்று, தன் பெயரில் விழுந்த கோடுகளைப் பார்த்தார். நாற்பத்தொன்று. பலருடைய மையும் கையும் அவருக்குத் தெரியும். மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்.

"என் பேர ஏன் அடிச்சீங்கன்னு கேட்டேன். சண்டைக்கில்லம்மா, தெரிஞ்சுக்கத்தான். பாதிப் பேரு உள்ள கூப்பிட்டு ஒயின் குடுத்தாங்க."

இப்படிப்பட்டவருக்குத்தான் திங்கட்கிழமை காலையில் ஊரிலிருந்து ஒரு டெலிபோன் அழைப்பு வந்தது. கூப்பிட்டவர் இப்போதைய மேயர், இவருடைய அணியின் தலைவர். மார்ச்சில் தேர்தல், பட்டியல் அச்சுக்குப் போகவேண்டும். ஆக்லாந்துத் துறைமுகத்தில் எடுத்த படம் ஒன்று அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்து ஊரே கொதிக்கிறதாம். படத்தில் ஒரு பெண் அட்டை பிடித்து நிற்கிறாள். 'அவ்வளவு பத்திரமான குண்டென்றால் எங்கள் ஆற்றில் வெடியுங்கள்' என்று எழுதி, கீழே அந்த ஊரின் பெயரையும் போட்டிருக்கிறது. அட்டை மூக்குவரை மறைக்கிறது.

"பாதி மூஞ்சிதான் தெரியுது, அது நான் இல்லன்னு ஒரு வரி சொல்லுங்கிறாரு. வியாழக்கிழமை காலைல திரும்பக் கூப்புடுவாராம். சொல்லலன்னா பட்டியல்ல பேரு கெடையாது."

மூன்று நாளும் மனுஷி வீட்டில் தரிக்கவில்லை. ரயிலேறித் துறைமுகத்துக்குப் போவதும் வருவதும், தோட்டத்தைச் சுற்றுவதும், அலுமாரியைத் திறந்து ஒழுங்காக இருந்ததை மறுபடி அடுக்குவதுமாக இருந்தார். இதே துறைமுகத்தில் மூன்றரை வருடத்துக்கு முன் பிரெஞ்சு அரசின் ஆட்கள் ஒரு கப்பலுக்குக் குண்டு வைத்து, ஓர் ஆள் செத்துப்போனதை நகரம் மறக்கவில்லை. இவருடைய பாஸ்போர்ட் நிறத்தைப் பார்த்து முகம் திருப்பியவர்கள் இங்கும் உண்டு. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்றால் மனுஷி எங்கேதான் போய் நிற்பது என்று பேர்ணடெட்டுக்குப் பாவமாக இருந்தது.

புதன்கிழமை அவள் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தாள். "அக்கா, ஒரு பொய்தானே. சொல்லிப்போட்டு இருங்கோவன். ஊரில எங்கட தம்பியை ஆமிக்காரங்கள் வழியில மறிச்சுப் படத்தைக் காட்டி, இது நீதானே எண்டு கேட்டவங்கள். அது நான் இல்லை எண்டு அவன் சொன்னபடியால்தான் இண்டைக்கு உயிரோட இருக்கிறான்."

மரியநாயகி நின்றுவிட்டார். "உங்க தம்பி சொன்னது சரிதாம்மா. அந்த எடத்துல நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்று அவள் கன்னத்தைத் தொட்டார். "ஆனா அங்க யாரும் என்னச் சுட மாட்டாங்களே. கோடுதான போடுவாங்க."

வியாழக்கிழமை ஏழு மணிக்கு டெலிபோன் அடித்தது. நடந்து நடந்து பிரெஞ்சில் பேசினார். குரல் ஏறியது, இறங்கியது, ஓரிடத்தில் கெஞ்சியதுபோலக்கூட இருந்தது. பிறகு வைத்துவிட்டார்.

"என்னவாம் அக்கா?"

"நீங்க அடிக்காதீங்க, ஊர்க்காரங்க அடிக்கட்டும், என் பேர அச்சுல போட்டுடுங்கன்னு கேட்டேன். முடியாதுன்னுட்டாரு." பன்னிரண்டு வருடம். முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

பிறகு பேர்ணடெட்டிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, உள்ளூர்ப் பேப்பரில் வந்திருந்த அதே படத்தைச் சுற்றிலும் வெட்டினார். அட்டைக்கு மேலே தெரிந்த கண்களிலிருந்து ஓரம்வரை பேனாவால் ஓர் அம்புக்குறி இழுத்து, அதன் முனையில் தன் முழுப் பெயர், பள்ளிக்கூடச் சமையல்காரி, தெரு, வீட்டு இலக்கம் என்று பெரிய எழுத்தில் எழுதினார். உறையில் போட்டு, அந்த ஊர்ப் பத்திரிகை ஆசிரியருக்கு முகவரி எழுதி, நாக்கால் நனைத்து ஒட்டி, நின்றபடியே உள்ளங்கையால் அதன்மேல் இரண்டு முறை ஓங்கித் தட்டினார்.