அக்காவின் தகப்பன் பெயர்

அன்றைக்கு சுவிஸில் ஊஸ்டரில் ஓட்டப்போட்டி பார்க்கப் போனது அப்பா, அம்மா, அண்ணை, நான். ஓடப் போனது எத்தியோப்பியா அக்கா. எனக்கு அப்போது பத்து வயது.

அக்காவும் அம்மாவும் முதியோர் இல்லத்தில் ஒன்றாகத் துப்புரவு வேலை. முதல் நாள் வீட்டுக்கு வந்தபோதே அம்மா கேட்டா, “நீர் ஆரின்ரை பிள்ளை?” அந்த நாட்டு டொச் மொழியில்தான் கேட்டா. அக்கா சிரித்துக்கொண்டு தகப்பன் பெயரைச் சொன்னா. அவர்களுக்கும் எங்களைப்போலத்தான். குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர்தான்.

அண்ணை அக்காவின் பெயரையும் தகப்பன் பெயரையும் கணினியில் தட்டினார். பழைய ஓட்டம் ஒன்றின் வீடியோ வந்தது. ஆயிரத்து ஐந்நூறு மீற்றர். பெரிய மைதானம். கடைசிச் சுற்றில் ஐந்து பேரைக் கடந்து அக்கா முதலாவதாக வந்தா. அவவின் படம் அவர்கள் நாட்டு பஸ்களில் ஒட்டியிருந்தது.

“இவ்வளவு பெரிய ஆளையோ நீ கக்கூஸ் கழுவக் கூட்டிக்கொண்டு போறாய்?” என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

“ஏன், நான் சின்ன ஆளோ?” என்றா அம்மா.

அண்ணை அதை டொச்சில் சொல்ல அக்காவும் சிரித்தா. பிறகு முழங்காலில் இருந்த வெட்டுத் தழும்பைக் காட்டினா. ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் வெட்டினார்களாம். அதோடு அணியில் எடுக்கவில்லை. ஊரில் இருக்கிற தகப்பனுக்கு இது தெரியாது. ஞாயிறு தவறாமல் ஃபோன் எடுப்பார். “எத்தனையாவது வந்தாய்?” என்று கேட்பார். “முதலாவது” என்று இவ சொல்லுவா. அந்தாள் அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிவாராம்.

ஊஸ்டர் ஓட்டத்துக்கு அக்கா போனது கால் தாங்குமோ என்று பார்க்க. ஒருத்தருக்கும் தெரியாமல் ஒருக்கா ஓடவேணும் என்றா. டொச் எழுத நான்தான் கெட்டிக்காரி. ஓடுகிற ஆள் பெயர் பதிகிற படிவத்தை அங்கே என்னிடம் தந்தா.

“என்ரை பேருக்குப் பின்னால உங்கட அப்பான்ரை பேரைப் போடு.”

அவவின் பெயர் அவர்கள் நாட்டில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். தகப்பன் பெயர் சேர்ந்தால்தான் அது அவ. எனக்கு அது விளங்கவில்லை. உயிரோடு இருக்கிற தகப்பனை விட்டுவிட்டு வேறு ஆளின் பெயரை எழுதுகிறதோ? எங்கள் வீட்டில் அது பெரிய பிழை. அக்கா சப்பாத்துக் கட்டக் குனிந்தா. நான் சரியான பெயரை எழுதிக் கொடுத்தேன்.

முடிவுக் கோட்டைத் தாண்டுகிற ஒவ்வொருவரின் பெயரையும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அக்கா காலை இழுத்துக்கொண்டு வந்தா. இரண்டு பெயரும் முழுசாகக் கேட்டது. சனத்துக்குள் நின்ற அவர்கள் நாட்டுக்காரர் ஒருவர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். ஃபோனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார். அக்கா முகத்தை மூடிக்கொண்டா. தகப்பன் பெயர் கேட்ட சந்தோசத்தில் அழுகிறா என்று நினைத்துக் கை தட்டினேன்.

ஏச்சு ஒன்றும் விழவில்லை. “என்ரை அப்பான்ரை பேரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறாய்,” என்று மட்டும் அக்கா சொன்னா.

அந்தப் படம் ஞாயிறுக்கு முதலே அக்காவின் ஊருக்குப் போய்விட்டது. ஞாயிறு அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தா. ஃபோன் வந்தது. எதிரில் நான் இருந்தேன். தகப்பன் வழக்கமான கேள்வியைத்தான் கேட்டாராம். அக்கா எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, டொச்சில் ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத் தன் மொழியில் சொன்னா.

நாற்பத்து மூன்றாவது.